யானைக் கொட்டிலுக்குக் குவிமாடம், பள்ளிவாசலுக்குக் கல்தூண்

கர்நாடக மாநிலத்தில் துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில், ஹொஸ்பேட் நகரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், ஹம்பி என்னும் சிற்றூர் உள்ளது. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தென்னிந்தியாவின் பெரும்பகுதியை ஆண்ட விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இடிந்து கிடக்கும் இடம் அது. நம் மஹல்லாவாசிகளில் பலர் விடுமுறைக் காலங்களில் அங்குச் சென்று, விருபாட்சர் கோயிலின் நெடிய கோபுரத்தையும் விட்டலர் கோயிலின் கல் தேரையும் கண்டு திரும்பியிருப்பர். 2017-ஆம் ஆண்டு வெளியான புதிய 50 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பது அந்தக் கல் தேர்தான்.

ஆனால் அரண்மனைப் பகுதிக்குள் நுழைந்து, அந்தப்புரம் என்று இன்று அழைக்கப்படும் மதிற்சுற்றின் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால், நம்மவர் எவரும் சற்றே திகைத்து நிற்பர். பரந்த புல்வெளியின் எதிர்க்கோடியில், நீண்ட ஒரே கட்டடத்தின் மீது வரிசையாகக் குவிமாடங்கள்! தொலைவிலிருந்து பார்ப்பவர் அதைப் பள்ளிவாசல் என்றோ, அரச குடும்பத்தினரின் அடக்கத்தலம் என்றோ எண்ணுவதில் வியப்பில்லை. அருகில் உள்ள அறிவிப்புப் பலகையோ அதனை யானைக் கொட்டில் என்கிறது.

இவ்வாண்டு மலரின் வரலாற்றுப் பக்கத்திற்கு இக்கட்டடத்தை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குவிமாடம் இருந்தால்தான் பள்ளி, கல்தூண் நிரை இருந்தால் அது கோயில் மண்டபம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தினால் நாம் இழந்துவருவன சில உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஹம்பியின் யானைக் கொட்டிலைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தெரியவில்லை.

கட்டடத்தின் அமைப்பு

மேற்குத் திசை நோக்கிய இக்கட்டடத்தில் ஒரே வரிசையில் பதினொரு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் யானை தலைகுனியாமல் நுழையத்தக்க உயரமான வளைவு வாசல். ஒரு வளைவுக்குள் மற்றொரு வளைவு உள்வாங்கி அமைந்திருப்பதால், மாலை வெயில் படும்போது வாசல்களின் நிழல் ஆழமாகத் தெரிகிறது. நடு அறையின் மேல் மட்டும் சதுரமான மேல்மாடம் ஒன்று எழுந்து, உச்சி சிதைந்து நிற்கிறது. அதன் இருபுறமும் ஐந்தைந்து குவிமாடங்கள். அவை அனைத்தும் ஒரே வார்ப்பாக இல்லை. ஒன்று வழவழப்பான அரைக்கோளம். ஒன்று பட்டை தீர்ந்தது. ஒன்று பூசணிக்காயைப் போல வரியோடியது. எனினும் வலப்புறம் எந்த வரிசையோ அதே வரிசைதான் இடப்புறமும். கட்டியவர் மனம்போன போக்கில் கட்டவில்லை, கணக்குப் போட்டே கட்டினார் என்பது இதனால் விளங்கும்.

உள்ளே சென்றால், சதுரமான அறையின் மேல் வட்டமான குவிமாடத்தை எப்படி உட்கார்த்தினார்கள் என்பதை அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நான்கு மூலைகளிலும் சிறு வளைவுகளைக் கொடுத்துச் சதுரத்தை எண்கோணமாக்கி, அந்த எண்கோணத்தின் மீது வட்டத்தை ஏற்றியிருக்கிறார்கள். கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும்தான் பொருள்கள். மேலே சுதைப்பூச்சு. அறைக்கும் அறைக்கும் இடையே ஆள் நுழையும் அளவுக்குச் சிறு வழிகள் உள்ளன. பாகர்கள் ஒரு யானையிடமிருந்து மற்றொரு யானையிடம் செல்ல வெளியே வந்து சுற்ற வேண்டியதில்லை.

இக்கட்டடத்தை ஒட்டி வடபுறத்தில் உயர்ந்த மேடையின் மீது வளைவுகள் கொண்ட மற்றொரு நீண்ட கட்டடம் தெற்கு நோக்கி நிற்கிறது. காவலர் விடுதி என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. இரண்டுக்கும் முன்னே உள்ள திடல், யானைகளும் படைகளும் அணிவகுப்பதற்கு உரிய இடமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

ஹம்பியில் இன்று வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் பிற்காலத்தவர் இட்டவை. தாமரை மகால், அரசியர் குளியலறை, அந்தப்புரம் என்பன எல்லாம் இடிபாடுகளைப் பார்த்தவர்கள் ஊகித்துச் சூட்டியவையே. யானைக் கொட்டிலிலும் கட்டியவர் பெயரையோ ஆண்டையோ கூறும் கல்வெட்டு இல்லை. கட்டட அமைதியைக் கொண்டு 15 அல்லது 16-ஆம் நூற்றாண்டினது என்று கணிக்கிறார்கள். அரண்மனையை இவ்வளவு ஒட்டி யானைகளைக் கட்டுவார்களா என்று ஐயுற்றவர்களும் உண்டு. ஆயினும் வாசலின் அளவும், முன்னுள்ள திடலும், பாகர் வழிகளும் யானைக்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்தவில்லை. அரசனிடம் இருந்த யானைகளோ நூற்றுக்கணக்கானவை. பதினொரு அறைகளில் அவை அனைத்தும் அடங்கா. ஆகவே அரச ஊர்வலத்துக்குரிய சிறப்பு யானைகளே இங்கு நின்றிருக்க வேண்டும்.

ஹிராத்திலிருந்து வந்தவர் கண்டது

இந்த இடத்தில் ஒரு முஸ்லிம் பயணியின் சான்று நமக்குக் கைகொடுக்கிறது. தைமூரின் மகனும் ஹிராத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவருமான ஷாருக், அப்துர் ரஸ்ஸாக் சமர்கந்தி என்பவரைத் தம் தூதராகத் தென்னிந்தியாவுக்கு அனுப்பினார். 1442-இல் கள்ளிக்கோட்டையில் கரையிறங்கிய அவர், இரண்டாம் தேவராயரின் அழைப்பின்பேரில் 1443-இல் விஜயநகரம் சேர்ந்தார். பாரசீக மொழியில் அவர் எழுதிய நூலில் நகரின் ஏழு மதில்களையும், கடைவீதிகளையும், மகாநவமி விழாவையும் வியந்து வியந்து கூறுகிறார். யானைகளைக் கண்டபோது அவர் வியப்பு இன்னும் மிகுகிறது.

ஒவ்வொரு யானைக்கும் தனித்தனி அறை. சுவர்கள் மிக வலியவை. கழுத்திலும் முதுகிலும் பூட்டிய சங்கிலியை மேற்கூரையில்தான் பிணைக்கிறார்கள், வேறெங்கே பிணைத்தாலும் யானை எளிதில் அவிழ்த்துவிடும். முன்னங்கால்களுக்கும் விலங்குண்டு என்று அவர் எழுதுகிறார். உணவைப் பற்றியும் சொல்கிறார். கிச்சடி சமைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்து, பெரிய பெரிய உருண்டைகளாகப் பிடித்து, நெய்யில் தோய்த்து யானையின் வாயில் ஊட்டுவார்களாம். நாளுக்கு இருவேளை. சேர்க்க வேண்டிய பொருளில் ஒன்றைப் பாகன் மறந்துவிட்டாலும் யானை அவன்மீது பாயும். அரசனும் தண்டிப்பான் என்கிறார். நம் வீடுகளில் கிச்சடிக்கு உப்புக் குறைந்தால் எழும் பேச்சை எண்ணிக்கொண்டால், அந்தப் பாகனின் நிலை நமக்குப் புரியும்.

அவர் கண்ட கொட்டில் இதுவேதான் என்று எவரும் அறுதியிட இயலாது. ஆனால் யானைக்கு ஓர் அறை, வலிய சுவர், மேலே பிணைப்பு என்ற அவருடைய விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய பதினொரு அறைகளுக்குள் நடந்தால், ஒவ்வொன்றும் பொருந்திவருவதைக் காணலாம்.

கடல்வழி வந்த குதிரையும் கூடவே வந்தவையும்

யானை இந்நாட்டுக் காட்டில் கிடைத்தது. போர்க்குதிரை அவ்வாறன்று. அது அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலேறி வர வேண்டியிருந்தது. அந்த வணிகம் பெரும்பாலும் முஸ்லிம்களின் கையில் இருந்தது. இதில் நம் தமிழகக் கடற்கரையின் பங்கு விஜயநகரத்திற்கும் முந்தியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியருக்காகக் காயல் முதலிய துறைமுகங்களில் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் இறங்கியதாகவும், ஒவ்வொன்றுக்கும் 220 தீனார் விலை பேசப்பட்டிருந்ததாகவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் குதிரைகளை அனுப்ப, அவர் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் அமைச்சராகவே இருந்து இத்துறைமுகங்களைக் கவனித்துக்கொண்டார். வந்த குதிரைகளுக்கு இங்கே வறுத்த தானியத்தை நெய்யில் பிசைந்து கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கவைத்ததாக வஸ்ஸாஃப் ஏளனமாகக் குறிப்பிடுகிறார். முறையாகப் பேணத் தெரியாததால் குதிரைகள் விரைவில் மடிந்தன என்று மார்க்கோ போலோவும் சொல்கிறார். மடிந்தால் மறுபடி வாங்க வேண்டும். வணிகருக்கு அதனால் இழப்பில்லை!

விஜயநகர அரசர்களும் இதே வணிகத்தை நம்பியிருந்தனர். ஹுர்மூஸ் குதிரைகளும் உள்நாட்டுக் குதிரைகளுமாக ஆண்டுக்கு 13,000 குதிரைகளை அரசர் வாங்கியதாக 1530-களில் அங்கிருந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிஸ் கணக்குச் சொல்கிறார். முன்னர் ஆண்ட சாளுவ நரசிம்மர், கடலில் இறந்த குதிரைக்கும் வால் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் உயிருள்ள குதிரையின் விலையையே கொடுத்தார் என்பதும் நூனிஸ் தரும் செய்தியே. குதிரை எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

குதிரை தனியே வரவில்லை. அதை ஏறிச் செலுத்தத் தெரிந்த வீரரும் வந்தனர். இராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரைவீரர் என்பது பொருள் என்பதை நம்மில் பலர் அறிவர். லகான், சவாரி என்னும் சொற்களும் பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் குடியேறியவை. இரண்டாம் தேவராயர் முஸ்லிம் வில்லாளிகளையும் குதிரைவீரர்களையும் பெருமளவில் தம் படையில் சேர்த்தார். அவர்கள் தமக்கு வணக்கம் செலுத்துவதில் மனத்தடை இருக்கக் கூடாது என்று, தம் அரியணைக்கு முன் திருக்குர்ஆன் பிரதி ஒன்றை வைக்கச் செய்தார் என ஃபிரிஷ்தா எழுதுகிறார்.

உடையும் வந்தது. விஜயநகர அவையில் அரசரும் பிரதானிகளும் அரபு, பாரசீக மரபில் வந்த கபாய் என்னும் நீண்ட மேலங்கியும், குல்லாய் என்னும் உயர்ந்த தொப்பியும் அணிந்தனர். திருமலைக் கோயிலில் தம் இரு தேவியருடன் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்புச் சிலையைப் பார்த்தவர்கள் அந்தக் குல்லாயைப் பார்த்திருக்கிறார்கள். பட்டப்பெயரும் வந்தது. 14-ஆம் நூற்றாண்டு முதலே விஜயநகர மன்னர்கள் தம் கல்வெட்டுகளில் ‘இந்துராய சுரத்ராண’ என்று தம்மை அழைத்துக்கொண்டனர். ‘சுரத்ராண’ என்பது சுல்தான் என்ற சொல்லின் வடமொழி வடிவம். இந்து அரசர்களுள் சுல்தான் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதில் அவர்கள் பெருமையே கொண்டனர். பிலிப் வாகனர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1996-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இவற்றை விரிவாக ஆராய்ந்து, அக்காலத்தில் இவை மதத்தின் அடையாளமாக அன்றி, பரந்த உலகின் அரசவைப் பண்பாடாகவே கருதப்பட்டன என்று காட்டினார்.

யானைக் கொட்டிலின் குவிமாடங்களும் இதே வழியில் வந்தவைதாம். கிருஷ்ணை ஆற்றுக்கு வடக்கே பாமினி சுல்தான்கள் 1347-இல் ஆட்சியைத் தொடங்கினர். அவர்களின் தலைநகரான குல்பர்காவில் 1367-இல் எழுந்த ஜும்ஆப் பள்ளி, திறந்த முற்றமே இல்லாமல் முழுவதும் குவிமாடங்களால் மூடப்பட்டது. வளைவும் குவிமாடமும் கட்டத் தெரிந்த கொத்தர்களின் கைத்திறன் அங்கிருந்து தெற்கே வந்தது. விஜயநகர மன்னர்கள் அதனை அப்படியே நகலெடுக்கவும் இல்லை. கொட்டிலுக்கு அருகிலுள்ள தாமரை மகாலைப் பாருங்கள்: கீழே அழகிய வளைவுகள், மேலே கோயில் விமானம் போல் அடுக்கடுக்கான கூரைகள். கோயில்களை மட்டும் அவர்கள் பழைய மரபுப்படி தூணும் உத்தரமுமாகவே கட்டினர். அரண்மனை, கொட்டில், காவல் கோபுரம், குளியலறை ஆகியவற்றுக்கு வளைவையும் குவிமாடத்தையும் பயன்படுத்தினர். ஆக அந்நகரில் குவிமாடம் என்பது அரசாங்கக் கட்டடத்தின் அடையாளம்.

அகமது கான் கட்டிய பள்ளி

அப்படியானால் அதே நகரில் முஸ்லிம்கள் தமக்கென்று கட்டிய பள்ளி எப்படி இருந்தது?

அரச மையத்திற்கு வடகிழக்கே முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதி ஒன்று இருந்தது. அங்கே இரண்டாம் தேவராயரிடம் பணிபுரிந்த அகமது கான் என்பவர் 1439-இல் கட்டிய பள்ளி இன்றும் நிற்கிறது. உயர்ந்த மேடை, முன்புறம் திறந்த தூண் வரிசை, தட்டையான கூரை, பின்சுவரில் மிஹ்ராப் மாடம். குவிமாடம் இல்லை, வளைவு வாசல் இல்லை, மினாரா இல்லை. அந்த மிஹ்ராபை மட்டும் கவனிக்காதவர், ஹம்பியில் நூற்றுக்கணக்கில் உள்ள மண்டபங்களுள் இதுவும் ஒன்று என்று எண்ணிக் கடந்து சென்றுவிடுவார். அருகிலேயே ஓர் அடக்கத்தலம் குவிமாடத்தோடு நிற்பதால், குவிமாடம் கட்டத் தெரியாமல் விட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை.

இதைவிட நம் மனத்தைத் தொடுவது அங்குள்ள கன்னடக் கல்வெட்டு. அகமது கான் தாம் கட்டியதைத் ‘தருமசாலை’ என்றே அதில் குறிப்பிடுகிறார். கூடவே ஒரு கிணறும் தோண்டினார். இந்த அறத்தின் புண்ணியம் தம் அரசர் தேவராயரைச் சேரட்டும் என்பது அவர் விருப்பம். தொழுமிடத்தை எழுப்பிய ஒரு முஸ்லிம் அலுவலர், தாம் வாழும் ஊரின் சொல்லாலேயே அதற்குப் பெயரிட்டு, தம் இந்து மன்னருக்காக அதை அர்ப்பணித்தார். மன்னரின் யானைகளோ குவிமாடத்தின் கீழ் நின்றன. இன்று நாம் வைத்திருக்கும் அடையாளங்கள் அத்தனையும் இங்கே தலைகீழாக நிற்கின்றன.

அகமது கானின் பள்ளி நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியிலும் காயல்பட்டினத்தின் பழம்பள்ளிகளிலும் தொழுதவர்களுக்கு இந்த அமைப்பு நன்கு பழகியதே. அங்கும் தூண், போதிகை, உத்தரம், தட்டைக் கல் கூரை. தூண்களில் பூவும் கொடியும் உண்டு. உருவங்கள் மட்டும் இல்லை. மெஹர்தாத் ஷோகூஹி என்னும் ஆய்வாளர் இப்பள்ளிகளை அளந்து வரைந்து, தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி 2003-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். உலகம் தேடி வந்து அளக்கும் இத்தகைய பள்ளிகளை, நம் ஊர்கள் பலவற்றில் நாமே இடித்துவருகிறோம். இடம் போதவில்லை என்பது உண்மையான காரணம். ஜும்ஆவுக்கு வருவோர் தெருவில் நிற்கும்போது விரிவாக்கம் தேவைதான். ஆனால் மகாசபைக் கூட்டங்களில் அத்தோடு மற்றொரு காரணமும் சொல்லப்படுகிறது: பழைய பள்ளி பள்ளிவாசல் போலவே இல்லையாம், குவிமாடமும் மினாராவும் வேண்டுமாம். பக்கவாட்டில் விரித்துக் கட்ட இடமிருந்தும், இக்காரணத்திற்காகவே கல்தூண்களைப் பெயர்த்துக் கான்கிரீட் போட்ட ஊர்கள் உண்டு. 1439-இல் அகமது கானுக்குத் தோன்றாத குறை அது.

ஏன் இது மட்டும் இடியவில்லை?

1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போர் நடந்தது. அகமதுநகர், பீஜப்பூர், கோல்கொண்டா, பீதர் சுல்தான்களின் கூட்டுப்படை விஜயநகரத்தை வென்றது. படைக்குத் தலைமை தாங்கிய முதிய இராமராயர் களத்திலேயே தலை வெட்டப்பட்டார். நகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. இந்தக் கொடுமையை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. சூறையாடியவர்கள் முஸ்லிம் அரசர்கள் என்பதால் அது குறைந்துவிடாது. போரின் நடுவே இராமராயரின் முஸ்லிம் தளபதிகள் இருவர் எதிரணிக்கு மாறினர் என்று, இரண்டாண்டுகளுக்குப்பின் அங்கு வந்த இத்தாலிய வணிகர் சீசர் பெடரிசி எழுதியிருப்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே வேளையில், இது இரு மதங்களுக்கு இடையே நடந்த போர் என்று பள்ளிப்புத்தக நடையில் சுருக்குவதும் பொருந்தாது. கோல்கொண்டாவின் இப்ராஹீம் குதுப் ஷா, அரியணை ஏறுமுன் 1543 முதல் 1550 வரை ஏழாண்டுகள் இதே இராமராயரிடம் அடைக்கலமாக இருந்தவர். பீஜப்பூரின் அலி அதில் ஷாவை இராமராயர் குடும்பம் மகன்போல் ஏற்றிருந்தது; அவ்விருவரும் சேர்ந்தே அகமதுநகரின்மீது படையெடுத்தார்கள். நேற்றைய கூட்டாளிகளே மறுநாள் பகைவரானார்கள். அரசியல் என்பதற்கு மேல் இதற்கு வேறு பெயரிட வேண்டியதில்லை.

யானைக் கொட்டில் முஸ்லிம் பாணியில் இருந்ததால்தான் படைவீரர்கள் அதை இடிக்காமல் விட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. கேட்பதற்கு இனிமையான விளக்கம். ஆனால் நாம் அதை ஏற்பதற்கில்லை. அவ்வாறாயின் விருபாட்சர் கோயில் எவ்வாறு தப்பி, இன்றுவரை வழிபாட்டில் இருக்கிறது? அரண்மனைகளின் மேற்கட்டுமானம் மரத்தால் ஆனது. தீயில் எரிந்து அவற்றின் கல் அடித்தளம் மட்டுமே எஞ்சியது. கொட்டிலோ கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும். எரிவதற்கு அதில் ஒன்றுமில்லை. பாதுகாத்தது பாணி அன்று, சுண்ணாம்புதான்.

சட்டத்தின் காவலில்

வெறிச்சோடிய நகரை 1799-இல் காலின் மெக்கன்சி அளந்து வரைபடமாக்கினார். 1856-இல் அலெக்சாண்டர் கிரீன்லா மெழுகுத்தாள் முறையில் புகைப்படங்கள் எடுத்தார். 1900-இல் ராபர்ட் சிவெல் எழுதிய நூல் விஜயநகரத்தை மீண்டும் உலகின் நினைவுக்குக் கொண்டுவந்தது. இன்று கொட்டிலும் அதைச் சூழ்ந்துள்ள அரச மையமும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், 1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் நினைவுச் சின்னங்கள் சட்டத்தின் கீழ் உள்ளன. 2010-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறையும் ஒரு இலட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1986-இல் யுனெஸ்கோ ஹம்பியின் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்ந்ததோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. ஆற்றின் குறுக்கே கட்டத் தொடங்கிய பாலங்கள் காரணமாக 1999-இல் ஹம்பி ஆபத்துக்குள்ளான பாரம்பரியப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டு, 2006-இல்தான் மீண்டது. ஆனேகுந்திக்குச் செல்லும் பாலம் 2009-இல் கட்டுமானத்தின்போதே இடிந்து, தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2011-இல் விருபாட்சர் கோயிலுக்கு முன்னுள்ள பழைய கடைவீதி மண்டபங்களில் தலைமுறையாகக் குடியிருந்த மக்களின் வீடுகளும் கடைகளும் அகற்றப்பட்டன. கல்லைக் காக்க எழுந்த சட்டம், கல்லோடு வாழ்ந்தவர்களை வெளியேற்றியதை நாம் மகிழ்ச்சியோடு எழுத இயலவில்லை. மாற்று இடம் தந்துவிட்டு வீடிடிப்பது ஒன்று. இடித்துவிட்டு இடம் தேடுவது வேறு.

2019 பிப்ரவரியில் நடந்த ஒன்றையும் கூற வேண்டும். யானைக் கொட்டிலுக்குப் பின்புறம் உள்ள விஷ்ணு கோயிலின் கல்தூணை இளைஞர் சிலர் தள்ளிச் சாய்த்து, அதைப் படமெடுத்து மகிழ்ந்த காட்சி நாடெங்கும் பரவியது. நால்வர் கைது செய்யப்பட்டனர். நீதிமன்றம் அவர்களுக்குத் தலைக்கு 70,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, சாய்த்த தூண்களை அவர்களே மீண்டும் நிறுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. தொல்லியல் துறையினர் முன்னிலையில் அவ்வாறே நிறுத்தினார்கள்.

அந்தத் தூணுக்குச் சட்டம் இருந்தது. தமிழகத்தில் மாநில அரசின் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்படும் சின்னங்கள் சிலவே. ஊர்ப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை மத்தியப் பட்டியலிலும் இல்லை, மாநிலப் பட்டியலிலும் இல்லை. அவற்றின் தூணைப் பெயர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த ஜமாஅத்தின் நிர்வாகக் குழுவும் மகாசபையுமே முடிவு செய்கின்றன. பெயர்த்தபின் நிறுத்தச் சொல்ல எவரும் வரப்போவதில்லை.

ஆகவே திருப்பணி தொடங்க இருக்கும் ஜமாஅத்துகளுக்கு நாம் வேண்டிக்கொள்வது இது. முதற் கடப்பாரை விழுமுன் பழைய பள்ளியின் ஒவ்வொரு தூணையும், மிஹ்ராபையும், மிம்பரையும், ஹவ்ளையும் படமெடுத்து, அளவெடுத்து ஜமாஅத் அலுவலகத்தில் வைக்க வேண்டும். சுவரிலோ உத்தரத்திலோ அடக்கத்தலத்திலோ எழுத்து தென்பட்டால் வெள்ளையடிக்காமல் நிறுத்த வேண்டும். தமிழ் எழுத்தாயின் மாநிலத் தொல்லியல் துறைக்கும், அரபு அல்லது பாரசீக எழுத்தாயின் நாகபுரியில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கும் கடிதம் எழுதிப் படியெடுக்கச் செய்யலாம். பழைய மண்டபத்தை அப்படியே உட்பள்ளியாக நிறுத்தி, முன்னும் பக்கமும் புதிதாகக் கட்ட இடமுள்ளதா என்பதைப் பொறியாளரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். கல்தூணின் வலிமையையும் சுண்ணச்சாந்தையும் அறிந்த பொறியாளரும் கொத்தரும் இன்றும் கிடைக்கிறார்கள். சற்றே தேட வேண்டும்.

ஹம்பிக்குச் செல்வோர் கொட்டிலைப் பார்த்த கையோடு அகமது கானின் பள்ளியையும் பார்த்து வாருங்கள். சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.